மாற்றுச் சட்டை

என் கணவர் செமிசிக்கு விடிந்ததிலிருந்து நெஞ்சு வலி. டோங்காவில் நோயாளியோடு பாதி வீடே ஆஸ்பத்திரிக்குப் போகும். பாய், தலையணை, அவித்த சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் கட்டினேன். அவர் கண்ணாடி முன் நின்று மஞ்சள் பூப்போட்ட சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவசரப் பிரிவுக்குப் போறீங்களா, கல்யாணத்துக்கா?”

“நர்சுங்க பாக்க வேணாமா?”

துண்டு வைக்கப் பையைத் திறந்தேன். உள்ளே அதே மஞ்சள் சட்டை, மடித்து வைத்திருந்தது. கழற்ற நேரமில்லாதபோது ஆஸ்பத்திரியில் வெட்டுவார்களே, அப்படி முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டியிருந்தது. பையை மூடினேன்.

“அது வேணாங்க. நீலச் சட்டையப் போடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். பக்கத்து வீட்டு வேன் வந்தது. அவரை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, மடியில் இருந்த பையை மறுபடி திறந்தேன்.

வெட்டியிருந்த சட்டை இப்போது நீலமாக இருந்தது.