முப்பத்தெட்டு சதவீதம்

"இன்னாம்மா, ஒன்பதரைக்கு வந்தேன். இப்ப மணி பன்னெண்டு. இன்னும் அந்த முப்பத்தெட்டைத் தாண்டலையே!"

விஜயராஜ் மேசையை ஓங்கித் தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

அன்பரசி குனிந்து அதை எடுத்தாள். "பயாஸ் அப்டேட் சார். மதர்போர்டுக்குள்ள இருக்கற புரோகிராமையே மாத்துது. புது ரேம் போட்டதுலேர்ந்து மிஷின் நிலையா நிக்கல. பத்து நிமிஷம் ஓடும், அப்படியே உறைஞ்சு போயிடும். தானா ஆஃப் ஆவும். இதைப் பண்ணாதான் சரியாவும்னு சொல்லிட்டாங்க."

ஜவ்வாது மலையில் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் இருந்தது அந்த ஒரு இ-சேவை மையம்தான். அதில் இருந்ததும் ஒரே கம்ப்யூட்டர்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், பாதிகூட நிரம்பாத ஒரு கோடு, பக்கத்தில் 38%. அணைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை.

விஜயராஜுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆலங்காயத்தில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வந்திருந்தார். பின்னால் உட்கார்ந்து வந்த சரிதா, பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவளுடைய ஆதார் அட்டையில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

"நாங்க வந்தப்ப நல்லாத்தானே ஓடிச்சு? விரல்ல பிசுக்கு கீது, ரேகை விழாதுன்னு இவளைப் பின்னாடி குழாய்க்குக் கூட்டிட்டுப் போனே. வந்ததும் அப்டேட்டுன்னு உக்காந்துட்டே. நாங்க இன்னா இளிச்சவாயனுங்களா?"

"ஓடற மாதிரிதான் சார் தெரியும். பாதி விவரம் ஏத்தினப்புறம் நின்னுச்சுன்னா எல்லாம் மொதல்லேர்ந்து பண்ணணும்."

"எவனோ பிறந்த வருஷத்தைத் தப்பா எழுதி வெப்பான். நாங்க கெடந்து அலையணும். கீழ கூட்டம்னு இவ்ளோ தூரம் ஏறி வந்தா, இங்க இந்தக் கூத்து!"

வருமானச் சான்றுக்காகக் காத்திருந்த கோபால்சாமிக்கும் பொறுமை போய்விட்டது.

"அவரு கேக்கறது நியாயம்தானம்மா? பெத்த பொண்ணுக்காக கடையை மூடிட்டு வந்து காயறாரு. எனக்கு அங்க சாமை அறுப்பு கீது. ரெண்டாவது தபா வர்றேன். மலைக்காரன்னா உங்களுக்கெல்லாம் இளக்காரம். கீழ இருக்கற ஆபீசுல இப்படி மூணு மணி நேரம் உக்கார வெப்பீங்களா?"

"மன்னிச்சுக்குங்க பெரியவரே. இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள் அன்பரசி. அவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. செல்போனை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"போனை நோண்டறதுக்குத்தான் சம்பளமா?" விஜயராஜ் எழுந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அந்த ஒப்புகைச் சீட்டு வேணும். தள்ளு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் தானா ஓடும்."

அவர் கை சுவிட்சுக்குப் போவதற்குள் அன்பரசி குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதீங்க சார்! நடுவுல கரண்டை நிறுத்தினா போர்டே செத்துடும். அப்புறம் இந்த மலையில ஒருத்தருக்கும் ஒரு சான்றும் கெடைக்காது!"

கோபால்சாமி விஜயராஜின் கையைப் பிடித்து இழுத்தார். "வுடுங்க தம்பி. இருக்கறதும் போயிடப் போவுது."

விஜயராஜ் வெளியே போனார். புகார் எண்ணுக்குப் போன் போட்டு, வேப்ப மரத்தில் இருந்த காக்கைகள் பறக்கும்படி பத்து நிமிடம் கத்தினார். உள்ளே வந்தபோது வியர்த்திருந்தது. முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

"புகார் குடுத்துட்டேன். உன் பேரு, ஊரு, எல்லாம். நாளைக்கு இந்த நாற்காலியில நீ உக்கார மாட்டே."

அன்பரசி சரிதாவுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

ஒரு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் அதிகாரி இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண் போலீஸ்.

"வாங்க மேடம்!" விஜயராஜ் கும்பிட்டுக்கொண்டே ஓடினார். "போன் பண்ண அரை மணியில வந்துட்டீங்களே! நீங்களே பாருங்க. காலையிலேர்ந்து முப்பத்தெட்டு. மிஷினை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவளையெல்லாம் வேலைக்கு வெச்சா மக்கள் இன்னா பண்ணுவாங்க?"

அதிகாரி திரையைப் பார்த்தார். "என்ன அன்பரசி, மிஷின் இன்னும் சரியாகலையா?"

"அது ஞாயித்துக்கிழமையே சரியாயிடுச்சு மேடம். அப்புறம் ஒரு தடவைகூட நிக்கல." அன்பரசி ஒரு பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரை மறைந்து, பாதி நிரப்பிய விண்ணப்பம் தெரிந்தது. "இது அப்டேட் ஓடறப்ப மெக்கானிக்குக்கு அனுப்பறதுக்காக எடுத்த போட்டோ. அதைத்தான் திரை முழுக்க விரிச்சு வெச்சிருந்தேன்."

"அடிப்பாவி!" கோபால்சாமி பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார்.

"கேட்டீங்களா மேடம்? பித்தலாட்டம்! இவளை உள்ள தள்ளுங்க!" விஜயராஜ் அலறினார்.

அதிகாரி பெஞ்சின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னாடி குழாய்கிட்ட இந்த அக்காகிட்ட சொன்னியாமே, அதை என்கிட்டயும் சொல்லு கண்ணு. பயப்படாதே. உனக்கு என்ன வயசு? இவரு யாரு, உங்க அப்பாவா?"

காலையிலிருந்து குனிந்தே இருந்த தலை நிமிர்ந்தது.

"பதினாலுங்க. அப்பா இல்லீங்க... வெள்ளிக்கிழமை எனக்குத் தாலி கட்டப் போறவரு."