தங்கமான பையன்

"தங்கம் சார் அவன்! சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. விட்டா வேற யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்க."

கழிவறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கைபேசியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார் வால்டாஸ். முப்பத்தெட்டு வயது. ஸராசை ஊர்க் கூடைப்பந்து அணிக்குப் பதினாறு வருடமாக அவர்தான் கேப்டன்.

மறுமுனையில் இருந்தவர் கிந்தாரஸ். தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர். அவருடைய எண் லிதுவேனியாவில் பந்தைத் தொட்ட எல்லார் கைபேசியிலும் இருக்கும்.

"உங்க அணியோட நல்ல ஆட்டக்காரனை நீங்களே அனுப்பறீங்களே. பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார் கிந்தாரஸ்.

மனசெல்லாம் பெரிதில்லை. வயிற்றெரிச்சல்தான் பெரிது.

யோரிஸ் அணிக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. இருபது வயது. அதுவரை அந்த அணியில் முப்பதுக்குக் கீழே ஆளே கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லார் முழங்காலுக்கும் கட்டுப் போட்டு முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். முதலில் அவனைக் கடைசி ஐந்து நிமிடம் இறக்கினார்கள். பிறகு பாதி ஆட்டம். இப்போது அவன் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால்கூட அணி தடுமாறியது.

பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடம் வால்டாஸுடையது. அது யோரிஸுக்குப் போயிற்று. "நீங்க மூலையில நில்லுங்க, பந்து வந்தா போடுங்க" என்று கோச் சொன்னதைக்கூட வால்டாஸ் பொறுத்துக்கொண்டார். ஆனால் அரங்கத்துக் கடைக்கார டானுட்டே, பதினாறு வருடமாக அவருக்கென்றே எடுத்துவைக்கும் பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டியை, "வளர்ற பிள்ளை, சாப்பிடட்டும்" என்று யோரிஸிடம் நீட்டினாளே, அன்றைக்குத்தான் முடிவெடுத்தார்.

குழாயை மூடிவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே யோரிஸ் கைபேசியும் கையுமாக நின்றிருந்தான்.

"முடிஞ்சுதாண்ணே? எனக்கு அவசரம்."

"போ, போ. பாஸ் குடுக்கும்போது தோளைத் திருப்பாதேன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இன்னிக்கு மட்டும் ஆறு தடவை சொல்லிட்டீங்கண்ணே."

பல்லைக் கடித்தபடி சிரித்துவிட்டு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டான். குழாய் கொட்டும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மதியம் கிந்தாரஸ் வந்தார். மூன்றாவது வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். எதிரே பக்கத்து ஊர் அணி.

வால்டாஸின் திட்டம் எளிமையானது. வருகிற பந்தையெல்லாம் யோரிஸிடம் தள்ளவேண்டும். அவன் புள்ளிகளாகக் குவிக்க வேண்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமையே கிளம்ப வேண்டும்.

முதல் பந்தை அவனுக்குக் கொடுத்தார். திரும்பி வந்தது.

"டேய், முன்னால ஆளே இல்லை. போடுடா!"

"உங்க கைக்குத்தாண்ணே அழகு. நீங்க போடுங்க!"

மறுபடி கொடுத்தார். மறுபடி வந்தது. பெரிய கிளப்காரரைப் பார்த்துப் பயல் மிரண்டுவிட்டான் என்று நினைத்தார் வால்டாஸ். ஓடிப்போய்த் தோளில் கைபோட்டு, தட்டிக்கொடுத்து, அவனை மறிக்க வந்தவனைத் தன் உடம்பால் அடைத்து வழியும் விட்டார். யோரிஸ் அந்த வழியில் பாய்ந்து, கூடைக்கு அடியில் போய், பந்தை முதுகுக்குப் பின்னாலிருந்து அவரிடமே அனுப்பினான்.

எதிரணிக்காரர்களின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியே ஓய்ந்தது. பந்தை எறிய வேண்டிய இருபத்துநான்கு நொடி முடியும் தறுவாயில் அது யார் கையில் மாட்டிக்கொண்டதோ, அவர் வேறு வழியில்லாமல் எறிந்தார். எறிந்ததெல்லாம் விழுந்தது.

"எங்களுக்கும் கொஞ்சம் குடுங்கப்பா" என்று அணியின் மற்ற மூவரும் கெஞ்சினார்கள்.

ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் வால்டாஸின் கால்களுக்கு வயது மறந்துபோனது. பார்க்காமலே எறிந்தார், அங்கே யோரிஸ் இருந்தான். கண்ணால் கேட்டான், அங்கே இவர் இருந்தார். முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. ஊர் மொத்தமும் எழுந்து நின்று இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கத்தியது.

துண்டால் முகத்தைத் துடைத்தபோது வால்டாஸுக்கு உள்ளே ஏதோ குத்தியது. இந்தப் பயலை அனுப்பத்தான் வேண்டுமா? ஒரு நிமிடம் யோசித்தார். அந்தப் பக்கம் டானுட்டே யோரிஸின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அனுப்பத்தான் வேண்டும்.

கிந்தாரஸ் கண்கலங்க வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரையும் கூட்டிட்டுப் போகப் போறதில்லை சார்."

"என்னது?"

"முப்பது வருஷமா ஆள் பார்க்கிறேன். இப்படி ஒரு பாசத்தைப் பார்த்ததே இல்லை. பிரிச்சா எனக்குத்தான் பாவம். உங்க கிளப் தலைவர்கிட்டயும் பேசிட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே மூணு வருஷ ஒப்பந்தம். வெளியூர் ஆட்டம்னா ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்."

வால்டாஸ் அவசரமாகக் குறுக்கிட்டார். "பாசம் என்னோடது சார். அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன பாசம்? அவனைக் கூட்டிட்டுப் போங்கன்னு நான்தானே ஃபோன் பண்ணினேன்?"

கிந்தாரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நீங்க ஃபோனை வெச்ச அடுத்த நிமிஷம், பசங்களுக்குப் பயிற்சி குடுக்க உங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினதே அவன்தான் சார்!"