பஸ் ஸ்டாப் பெஞ்சு

"ஐயா, பஸ் ஸ்டாப் பெஞ்சைச் சரி பண்ணிட்டாங்களா?"

"எங்கேம்மா! கால் ஒடிஞ்சது ஒடிஞ்சபடியே கிடக்கு," என்றார் கணக்கு வாத்தியார் போனில், கூசாமல்.

பெஞ்சு சரியாகி ஐந்து மாதம் ஆகிறது. தினமும் அதில் போய் உட்காருகிறவரே அவர்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் பெஞ்சுக்காக அவர் கொடுத்த மனு முடிந்துவிடும். திங்கட்கிழமை பதினோரு மணி போனும் நின்றுவிடும். மனைவி போன பிறகு அவரைத் தேடி வருவது அந்த ஒரு குரல்தான். மகனும் பேசுவான், மாதம் ஒரு முறை, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி. மனுக்களைக் கவனிக்கும் இந்த ஆபீஸ் பெண்ணோ பெஞ்சில் ஆரம்பித்து முட்டிவலி வரை விசாரிப்பாள்.

இன்று அவள் குரல் கம்மியிருந்தது.

"ஐயா, இதுதான் கடைசி போன். ஆய்வு முடியுது. நாளைக்கு எங்க ஆபீசர் நேர்ல வருவார். அவர்கிட்ட நம்ம..." என்று இழுத்தவள், "ஒண்ணுமில்ல. உடம்பைப் பாத்துக்குங்க," என்று வைத்துவிட்டாள்.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசர் பெஞ்சைப் பார்த்தால் அவள் எழுதியதெல்லாம் பொய் என்றாகிவிடுமே!

மறுநாள் ஆபீசர் பதிவேட்டோடு வந்து உட்காருவதற்குள் வாத்தியார் உண்மையைக் கொட்டித் தீர்த்தார்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை. முதல் போன் வந்தப்பவே பெஞ்சு சரியாயிடுச்சு. பேச ஆளில்லாம நான்தான் வாராவாரம் பொய் சொன்னேன்."

"போனா? உங்களுக்கா?" ஆபீசர் புருவத்தைச் சுருக்கினார். "போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருந்தா வேலை சீக்கிரம் நடக்குதான்னு பார்க்கத்தான் ஐயா இந்த ஆய்வு. மனுக்களைக் குலுக்கிப் போட்டு ரெண்டாப் பிரிச்சோம். ஒரு பாதிக்கு வாரம் ஒரு போன். மறுபாதிக்குப் போனே கூடாது; அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்து எழுதணும். நீங்க அந்த மறுபாதி. உங்களுக்குப் போன் போயிருந்தா அவ வேலையே போயிடும். இதோ, அவ கையெழுத்துலயே இருக்கு, பாருங்க."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் போன் வந்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

'பெஞ்சு சரியாகிவிட்டது. அதில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மனு கொடுத்தவர் அவர்தானாம், எதிர்க் கடைக்காரர் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஐந்து பஸ் போயின. அவர் எதிலும் ஏறவில்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பதிவேட்டை மூடிக் கொடுத்தார்.

"வயசாயிடுச்சு சார், என்னமோ உளறிட்டேன். எனக்குப் போனே வந்ததில்லை," என்றார், கூசாமல்.