இன்னும் மெதுவா ஒரு வண்டி

"இதைவிட மெதுவா போற வண்டி இருக்கா?"

நடக்க முடியாதவர்களுக்கான நான்கு சக்கர பேட்டரி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி மனைவி கேட்டாள். கடைக்காரன் சிரித்தான். சுருட்டை முடி, கசங்காத சட்டை. குனிந்து, அவள் கால் வைக்கும் பலகையைச் சரிசெய்தான்.

காலியான சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவருக்கு வயிறு எரிந்தது.

ஒன்பது வருடமாக அவள் போகும் இடமெல்லாம் அந்த நாற்காலியைத் தள்ளுபவர் அவர்தான். பல் டாக்டரோ தங்கை வீடோ, அவர் இல்லாமல் அவள் தெருமுனையைத் தாண்டியதில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் தனியாக ஏதோ பேசினாள். அன்றிலிருந்து ஸ்கூட்டர் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?"

"இருபது கிலோமீட்டர், மேடம்."

"அவ்வளவு தூரம் யாரைப் பார்க்கப் போறே?" என்றார் கணவர்.

"உங்களைத் தவிர யாரை வேணும்னாலும் பார்ப்பேன்!"

கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். இவருக்குக் காதில் புகை வராத குறை.

"சீட்டு உயரமா இருக்கு. டயர் வேற சின்னது. மழையில வழுக்கும்."

"வழுக்காது சார். சீட்டைத் திருப்பி மேடமே இறங்கிக்கலாம். யார் உதவியும் வேண்டாம். நீங்க உட்காருங்க சார், வேர்த்துக் கொட்டுது."

"வாசல்ல மேடு ஏத்தித் தள்ளிட்டு வந்தேன். வேற ஒண்ணுமில்ல!" என்று எரிந்து விழுந்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கடைக்காரன் இன்னொரு வண்டியை உருட்டி வந்தான். "இது ஆமை வேகம், மேடம். பக்கத்துல நடக்கிறவங்களே முந்திடுவாங்க."

"இதேதான் வேணும்!" அவள் முகம் மலர்ந்தது.

தன்னைப் பார்த்து இவள் கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது? யோசித்துப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்றே பழகியவருக்கு அவளுடைய உச்சந்தலைதான் ஞாபகம் வந்தது.

"அப்ப இனிமே நான் எதுக்கு?" என்று கேட்டே விட்டார்.

தர்மசங்கடத்தில் நெளிந்த கடைக்காரன் பேச்சை மாற்றினான்.

"இதை வாங்கச் சொன்னது எந்த எலும்பு டாக்டர், மேடம்?"

"எலும்பு டாக்டர் இல்ல. இதய டாக்டர்."

"அடடா, உங்களுக்கு நெஞ்சுலயும் ஏதாவது..."

"எனக்கு ஒண்ணுமில்ல." நாற்காலியின் பிடியிலிருந்து கணவரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "இவர்தான் இனிமே எதையும் தள்ளக் கூடாதாம். பக்கத்துல மெதுவா நடந்து வரலாமாம்."