ஒரு காலி டப்பா

"அம்பத்திரண்டாயிரமா? இந்த உள்ளங்கை அகலத்துக்கா? ஏனுங்க தம்பி, எங்க ஊட்டு சிலேட்டு இதைவிடப் பெருசுங்க!"

புவனா அக்கா கடைக்குள்ள வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. காந்திபுரத்துக் கடையில டேப்லெட் கவுண்டர் நம்முளுதுங்க. பேரு மனோஜ்குமார். பேரம் பேசறவங்கள எத்தனையோ பேரப் பாத்துப்போட்டேன். ஆனா அச்சடிச்ச வெலையவே நகத்துல சுரண்டிப் பாத்தது இந்த அக்கா ஒருத்திதான்.

காசுக்கு ஒண்ணும் பஞ்சமில்லீங்க. கூடவே நிக்கற ஊட்டுக்காரர் கதிர்வேல், சிங்காநல்லூர்ல பம்ப்செட் கம்பெனி வெச்சிருக்கறவரு. அக்கா கழுத்துச் சங்கிலி மட்டும் எட்டுப் பவுன் தேறும்.

"என்ற தங்கச்சி புள்ள மோகனப்பிரியா பெரியவளாயிருக்கறா. நாளைக்குச் சீரு. அது படம் வரையறதுக்கு இதத்தான் ஆசையாக் கேட்டுது. மாமன் தட்டுல என்ன வருதுன்னு சனமே பாக்கும். வாங்கித் தொல புவனா!"

"கேட்டாப் போதுமா? காசுக்குத் தகுந்த பொருளான்னு பாக்க வேண்டாமுங்களா?"

பாத்தாங்க பாருங்க, அப்படி ஒரு பார்வை. பக்கத்துல இருந்த பதினாலாயிரத்துப் பெரிய டேப்லெட்ட ஒரு கையிலயும், சின்னத மறு கையிலயும் தூக்கி எடை பாத்தாங்க. முதுகுல சுண்டி ஓசை கேட்டாங்க. பேனாவ எடுத்து ரெண்டுலயும் கோலம் போட்டாங்க.

"இந்தப் பெருசுல என்ற கை முன்னால போகுது, கோடு பொறவால நடந்து வருது. பொருளுன்னா சின்னதுதான் பொருளு." பெருமூச்சு உட்டாங்க. "ஆனா வெல மலையாட்டம் நிக்குதே!"

கதிர்வேலுக்குப் பந்தல்காரர்கிட்ட இருந்து போன் வர, கத்திக்கிட்டே வெளிய போயிட்டாரு.

இதுதான் சமயம்னு நான் நம்ம சரக்க எடுத்து உட்டேன்.

"அக்கா, நேத்து சோமனூர்ல இருந்து ஒரு தறிக்காரரு வந்தாருங்க. பையில இருந்து லென்ஸ எடுத்தாரு, அதானுங்க, துணியில நூல் எண்ணிப் பாப்பாங்களே, அதேதான். ரெண்டு ஸ்கிரீன் மேலயும் வெச்சுக் குனிஞ்சு பாத்துட்டு, 'சின்னதுதானுங்க நல்ல நெருக்கம், பெருசு சல்லடையா இருக்குது'ன்னாரு! கடையே உழுந்து உழுந்து சிரிச்சுதுங்க."

அக்கா சிரிக்கல.

"லென்ஸுல கறுப்புக் கயிறு கட்டியிருந்துதுங்களா?"

"ஆமாங்க! எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"சும்மாத்தான் கேட்டேன். எத வாங்கினாரு?"

"எங்கீங்க, பெருசத்தான். அதுவும் பத்துத் தவணையில. போறப்ப, 'டப்பா நல்லாப் பெருசா இருக்குமுங்களே'ன்னு மூணு தடவ கேட்டாரு. பொருள உட்டுட்டு டப்பாவப் பாத்து வாங்கற ஆளுக இன்னும் இருக்கறாங்க பாருங்க!"

அக்கா அலமாரியில இருந்த அந்தப் பெரிய டப்பாவ எடுத்து, அகலத்தக் கையால அளந்து பாத்தாங்க.

"சரி தம்பி. சின்னதுக்கே பில் போடுங்க."

ஒரு பைசா கொறைக்கச் சொல்லல! எனக்குத் தலகால் புரியல. உள்ள வந்த கதிர்வேலும், "அப்படிச் சொல்லு அம்மணி!"ன்னு கார்ட நீட்டினாரு.

பில் போட்டு முடிச்சதும் அக்கா மெதுவாக் கேட்டாங்க.

"தம்பி, அந்தப் பெருசோட காலி டப்பா ஒண்ணு கெடைக்குமா?"

"டெமோ பீஸோடது இருக்குதுங்க. எதுக்குங்க?"

"இத அதுக்குள்ள வெச்சுக் குடுங்க."

"அக்கா! வாரண்டி நம்பரெல்லாம் இந்த டப்பாவுலதானுங்க இருக்குது."

"அது ஊட்டுல பத்திரமா இருக்கட்டும். சீரெல்லாம் முடிஞ்ச பொறவு புள்ளைகிட்டக் குடுத்துக்கறேன். சபையில இந்தப் பெரிய டப்பாதான் இருக்கோணும்."

கதிர்வேலுக்கு மூஞ்சி செவந்து போச்சு.

"உனக்கென்ன கிறுக்கு புடிச்சுருச்சா? அம்பத்திரண்டாயிரத்தக் குடுத்துப்போட்டு, பதினாலாயிரத்து டப்பாவத் தூக்கிட்டுப் போறதா? பெரிய மாமன் கஞ்சப் பிசினாறின்னு சனம் சிரிக்கும்!"

"சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க."

எனக்கு வெளங்கிப் போச்சு. இந்த ஒரு புள்ளைக்குக் குடுத்தது வெளிய தெரிஞ்சா, மத்த சொந்தக்காரப் புள்ளைகளும் வரிசையில வந்து நிக்குமே, அந்தப் பயம்! இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் புத்தியெல்லாம் வரும். எரிச்சல்ல வாயும் சும்மா இருக்கல.

"குடுக்கறத மனசாரக் காட்டிக் குடுக்கலாமுங்களே அக்கா. எதுக்கு இந்த ஒளிவு மறைவு?"

அக்கா சின்ன டேப்லெட்ட அந்தப் பெரிய டப்பாவுல வெச்சாங்க. ஆடாம இருக்கறதுக்குக் கைக்குட்டைய மடிச்சு நாலு பக்கமும் சொருகினாங்க. மூடிய அமுக்கினதுக்கப்புறம் ஊட்டுக்காரரத் திரும்பிப் பாத்தாங்க.

"நேத்து இங்க லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு, இதே டப்பாவத் தவணையில வாங்கிட்டுப் போயிருக்கறாருங்க நம்ம நஞ்சுண்டன்."

கதிர்வேல் டப்பாவக் குனிஞ்சு பாத்தாரு. "என்ற தம்பியா?"

"தறி ஓடியே மூணு மாசம் ஆகுதுங்களே அவருக்கு. நாளைக்குப் பெரிய மாமன் தட்டும், சின்ன மாமன் தட்டும் பக்கத்துல பக்கத்துலதானுங்க வரும்."