கரண்டு பாய்ந்த கால்

"இன்னும் கொஞ்சம் ஏத்து சார்!" என்று பல்லைக் கடித்தான் பஞ்சாட்சரம்.

பிசியோதெரபிஸ்ட் இராமச்சந்திரன் மெஷினைத் திருக, பட்டை கட்டிய தொடை துள்ளியது. போன வருஷக் கபடியில் காவாந்தண்டலத்து ஜானகிராமன் இவன்மேல் விழுந்து உடைத்த கால் அது. நடந்தாலே பெரிது என்று எல்லோரும் கைவிட்டபோது, இவர்தான் வீடு தேடி வந்து, உத்திரமேரூரில் தன் கிளினிக்குக்கு அழைத்துப்போய், தினமும் கரண்டு வைத்து, ஓடவே வைத்துவிட்டார்.

"எம்மேல இன்னாத்துக்கு சார் இம்மாம் அக்கறை?"

"நீ மறுபடி ஆடணும்பா, அவ்ளோதான்."

பொங்கல் பந்தயத்தில் ஆடினான். பாடிப்போனவன், பிடிக்க வந்த ஜானகிராமனைக் கீழே தள்ளி, அவன் முழங்கால்மேல் முழு பலத்தோடு குதித்தான். எலும்பு முறிந்த சத்தம் கூட்டத்துக்கே கேட்டது. ஜானகிராமன் ரத்தம் வர உதட்டைக் கடித்தானே தவிர, கை ஓங்கவில்லை.

மறுநாள் பஞ்சாட்சரம் கிளினிக்குக்கு ஓடிவந்தான். "சார், உங்க கரண்டு வேலை செஞ்சுடுச்சு! அவன் கால ஒடச்சிட்டேன்!"

இராமச்சந்திரன் நிமிரவில்லை. "தெரியும். மாவுக்கட்டோட உள்ளதான் படுத்துக்கினு கீறான், என் தம்பி."

பஞ்சாட்சரம் திரைச்சீலையை விலக்கி உள்ளே எட்டிப்பார்த்தான்.

"தெரியாத்தனமா உன் கால ஒடச்சிட்டேன்னு வருஷம் பூரா அழுதான்பா. எப்பிடியாச்சும் எழுப்பி வுடுன்னு, என்ன உன் வூட்டுக்கு அனுப்புனதே அவன்தான்."