அண்ணன் குடித்த தண்ணீர்

அவள் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"செத்த உக்காருங்கண்ணா. அவரு இப்ப வந்துருவாரு."

அண்ணன் சொல்லாமல் வந்துவிட்டார். பக்கத்து ஊரில் ஒரு கிடாவெட்டு விருந்து. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தங்கச்சியைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று காரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டாராம். கறிச்சோறும் வெயிலும் சேர்ந்து தொண்டை வறண்டு கிடந்தது. உள்ளே நுழையும்போதே தண்ணீர் கேட்டார்.

எப்போதும் கிளம்புமுன் போன் செய்துவிடுவார்.

போன் வந்தால் அவள் கணவர் தனபால் கடைக்குப் போய்க் கேன் தண்ணீர் வாங்கி வந்துவிடுவார். அண்ணனுக்குக் காபி அதில்தான். ரசம் அதில்தான். கை கழுவக் கொடுக்கும் செம்பில்கூட அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றி வைப்பாள்.

மற்ற நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் கிணற்றுத் தண்ணீர்.

இன்று கேன் காலி. அண்ணன் காரைக் கண்டதும் கேன் வாங்க வண்டியில் போன தனபால் இன்னும் திரும்பவில்லை.

அப்பா போன பிறகு அவளை வளர்த்தது அண்ணன்தான். ஆற்றோரத் தோப்பு, வற்றாத கிணறு என்று ஊர் ஊராய் அலைந்து இந்த இடத்தைப் பிடித்தார். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, இளநீர் தோற்றுப்போகும் என்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார்.

பிறகு மேற்கே, நகரத்தில், சாயப்பட்டறை வைத்தார். நன்றாக வந்தார். மழைக் காலத்தில் சாயக் கழிவு ஒரு குழாய் வழியாக இதே ஆற்றுக்குப் போனது. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான்.

அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

தங்கச்சி உள்ளே ஏதோ பலகாரம் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் அவர். சிரித்தபடி அவள் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். குடத்தில் செம்பை விட்டு மொண்டார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

நிறுத்தினார்.

துப்பியிருக்கலாம். விழுங்கினார்.

பிறகு அவளைப் பார்த்துக்கொண்டே, செம்பில் இருந்த மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தன வருசமா அம்மிணி?"

"பழகிருச்சுங்ண்ணா."

தனபால் கேனோடு வந்தார். அண்ணனே ஒரு கை கொடுத்து அதை வண்டியிலிருந்து இறக்கினார். காபி குடித்தார். கிளம்பும்போது கிணற்றடியில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கேன் கூடுதலாக வாங்கி வைத்திருக்கக் கூடாதா என்று அவள் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

செய்தி அண்ணி சொல்லித்தான் வந்தது. ஆற்றுக்குப் போகிற குழாயின் வாயில் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டாராம், பக்கத்தில் நின்று. கூட்டாளி கோபித்துக்கொண்டு விலகிவிட்டாராம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைப்புக் கிடைக்கிறவரை பட்டறைக்குப் பூட்டு. சொல்லிவிட்டு அண்ணி அழுதாள்.

அவள் உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். எங்களுக்காக இதெல்லாம் வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம் என்றாள். அவர், மாடு கன்று போட்டுவிட்டதா என்று கேட்டார்.

பட்டறை மறுபடி திறக்க அடுத்த வருடமாயிற்று. பாதி மெசின்களை விற்றாயிற்று. மிச்சமிருந்ததை வைத்துச் சின்னதாக ஓட்டினார். சாயத் தண்ணீர் சுத்தமாகித் திரும்பவும் பட்டறைக்கே வந்தது. அவரைப் பார்த்து இன்னும் சில பேர் குழாயை அடைத்தார்கள்.

கிணறு மாறவில்லை. அவ்வளவு காலம் குடித்ததை மண் அவ்வளவு சுலபத்தில் விடுமா.

ஒவ்வொரு போனிலும் அண்ணன் கேட்பார். கொஞ்சம் பரவாயில்லை என்பாள் அவள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு வந்தது.

பாலத்தில் உங்கண்ணன் நனைந்துகொண்டு நிற்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கீழே ஆறு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"செம்மண்ணுங்ண்ணா. மேக்க நல்ல மழ. வெறும் செம்மண்ணு."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவர் மனம் நோகக் கூடாதென்றால் அந்த முகம் எதையும் சொல்லும். அது அவருக்கு இப்போது தெரியும்.

பாலத்தை ஒட்டிய படித்துறையில் அவரே இறங்கினார். வழுக்கும், வேண்டாம் என்று சொல்லியபடி அவளும் பின்னால் இறங்கினாள், அவர் சட்டை நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

குனிந்து ஒரு கை அள்ளினார். மோந்து பார்த்தார். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

தண்ணீர் வழிந்து போயிற்று. உள்ளங்கையில் நறநறவென்று கொஞ்சம் மண் நின்றது.

அதை அவர் அவளிடம் நீட்டிக் காட்டினார்.

மழை வலுத்தது.

அவள் குடையை அந்தக் கைக்கு மேலே பிடித்தாள்.